கேண்டீன் பக்கத்து வகுப்பு

போன வாரம் என் கடைசி மகள் மூக்குக்கண்ணாடியைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். அது இல்லாவிட்டால் அவளுக்குக் கரும்பலகை தெரியாது. கரும்பலகை என்று இன்னும் சொல்லலாமோ என்னவோ, இப்போதெல்லாம் அது வெள்ளையாகத்தான் இருக்கிறது. எனக்கு அன்று மத்தியான வேலை. கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இடைவேளை நேரம், நேரே கேண்டீனுக்குப் போய்க் கொடுத்துவிடுங்கள் என்று வாசலில் இருந்த காவலாளி சொன்னார்.

நான் போய் நின்ற சமயம் ஒலிபெருக்கியில் பியானோ மாதிரி ஏதோ ஒரு மெல்லிசை வந்தது. யாருக்கோ பிறந்தநாளாக்கும் என்று நினைத்தேன். அதுதான் அந்தப் பள்ளியின் மணியாம். அது வாசித்து முடிக்கும் முன்பே பிள்ளைகள் திமுதிமுவென்று வந்து சேர்ந்துவிட்டார்கள். தட்டுகள் மோதுகிற சத்தம், பெஞ்சு இழுக்கிற சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே நெத்திலி பொரிகிற வாசனை. மகள் கடைசி மேசையில் இருந்தாள். கூப்பிட்டால் கேட்காது. கேட்கும் என்றாலும் நான் அத்தனை பேர் நடுவில் கத்திக் கூப்பிடுகிற ஆள் இல்லை. கண்ணாடியை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டாள். வலது கையை மூடி, மெதுவாக விரித்துக் காட்டினாள். புரிந்தது என்று அர்த்தம்.

அவள் சிறுபிள்ளையாக இருக்கும்போது நான் சொல்லிக்கொடுத்த சைகை அது. அவளுடைய தோழிகள் கேட்டால் "எங்கப்பா பாஷை" என்பாளாம். அது என் பாஷை இல்லை. அதற்குச் சொந்தக்காரர்கள் வேறு பிள்ளைகள். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போதே தோன்றிவிட்டது. நெத்திலி பொரிகிற வாசனை வந்தால் மற்றவர்களுக்குப் பசிக்கும். எனக்கு ஏழாம் வாய்ப்பாடு நினைவுக்கு வரும்.

நான் படித்தது ஆறாம் வகுப்பு வரைதான். சிராங்கூன் ரோட்டின் குறுக்குத் தெரு ஒன்றில், மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த தமிழ்ப் பள்ளி. ஒரே வாத்தியார் மூன்று வகுப்புகளைப் பார்த்துக்கொள்வார். ஒரு வகுப்புக்குக் கணக்கு, இன்னொன்றுக்கு எழுத்து, மூன்றாவதுக்குத் தூக்கம் என்று முறை வைத்திருந்தார். நான் பெரும்பாலும் மூன்றாவதில் இருந்தேன். கீழே கடையில் மிளகாய் மூட்டை அவிழ்த்தால் மேலே மொத்தப் பள்ளியும் தும்மும். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் ஒரு பள்ளிக்கூடத்திலேயே வேலைக்குச் சேருவேன் என்று என் வாத்தியாரே நம்பியிருக்கமாட்டார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் கேலாங் பக்கம் ஓர் அரசாங்கப் பள்ளியில் எனக்குப் பியூன் வேலை கிடைத்தது. ஃபேரர் பார்க்கில் நாங்கள் குடியிருந்த அறையிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். கூட்டுவது, மேசை தூக்குவது, தலைமையாசிரியருக்குத் தேநீர் கொண்டுபோவது, இவற்றோடு மணி அடிப்பதும் என் வேலை. மரக் கைப்பிடி போட்ட பித்தளை மணி. அதைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டே நடைபாதை முழுக்க நடக்க வேண்டும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வாங்க என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொள்கிறவன் நான். அப்படிப்பட்டவனுக்கு அந்தப் பள்ளியிலேயே அதிகச் சத்தம் போடுகிற வேலையைக் கொடுத்தார்கள். முதல் வாரம் மணியை அடித்தபடியே யாரிடமாவது மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் நடந்தேன்.

அது முதலில் ஆங்கிலப் பள்ளி. நான் சேருவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, பக்கத்திலிருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் கூரை இனித் தாங்காது என்றானபோது அதன் பிள்ளைகளையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். எல்லா மொழிப் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் படிக்க வேண்டும் என்று அந்த நாளில் ரேடியோவிலும் மேடையிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நல்ல பேச்சுத்தான். கூரைக்குக் கீழே எந்த மூலையில் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. வந்த தமிழ் வகுப்புகளில் இரண்டுக்குக் கீழ்த்தளத்தில் இடம் கிடைத்தது. மூன்றாம் வகுப்புக்கு இடம் இல்லை. அதனால் கேண்டீனை ஒட்டி, பந்தும் வலையும் உடைந்த நாற்காலியும் போட்டுவைத்திருந்த பலகை அறையைக் கூட்டிக் கழுவி அவர்களை அங்கே உட்கார வைத்தார்கள்.

அறைக்கும் கேண்டீனுக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைத் தடுப்பு. அதுவும் கூரை வரை போகாது. ஆங்கில வகுப்புகளுக்கு முதல் இடைவேளை, தமிழ் வகுப்புகளுக்கு அடுத்த இடைவேளை. முதல் மணி அடித்ததும் அத்தனை ஆங்கிலப் பிள்ளைகளும் தடுப்புக்கு அந்தப் பக்கம் கூடிவிடுவார்கள். இந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். பலகை இடுக்கு வழியாகப் பொரித்த நெத்திலியும், மீ சியாம் என்கிற புளிக்குழம்புச் சேமியாவும், வடையும் மணக்கும். பிள்ளைகள் எச்சில் விழுங்கிக்கொண்டே ஏழாம் வாய்ப்பாடு சொல்வார்கள். அவர்கள் முறை வரும்போது சட்டியில் தூள்தான் மிஞ்சியிருக்கும்.

அந்தத் தூளுக்கு நடுவே ஒரு தகர டின்னில், ரொம்பப் பசிக்கிற இரண்டு மூன்று பிள்ளைகளுக்கென்று, முழு வடை சிலதை ஒளித்துவைத்திருப்பார் பாக்கியக்கா. கேண்டீனில் மூன்று கடைகள். மீ சியாம் விற்கிற, மக்சிக் என்று எல்லாரும் கூப்பிடுகிற மலாய் அம்மா, நூடுல்ஸை வதக்கி மீ கோரெங் போடுகிற சீன அங்கிள், வடையும் இட்லியும் விற்கிற பாக்கியக்கா. புக்கிட் மேராவிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் மாவுச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவார். பஸ்ஸில் மாவு சிந்தியதாகக் கண்டக்டர் சண்டைக்கு வந்தால், வடை சுட்டுத் தருகிறேன், சிந்தினதுக்கும் சேர்த்துச் சாப்பிடு என்பாராம்.

அந்த மூன்று கடைக்காரர்களிடமும் ஒரு வழக்கம் இருந்தது. வாசல் பக்கத்து இடத்தில் வியாபாரம் நன்றாக ஓடும். நடு இடம் பரவாயில்லை. சாக்கடை ஓரத்து மூலைக்குப் பிள்ளைகள் லேசில் வரமாட்டார்கள். அதனால் வருஷத்தின் ஒவ்வொரு பள்ளித் தவணை தொடங்கும்போதும் மூன்று பேரும் இடம் மாற்றிக்கொள்வார்கள். கிலிர் என்று அதற்குப் பெயர். மலாய் வார்த்தைதான், முறை வைத்துக்கொள்வது என்று அர்த்தம். ஆனால் மூன்று பேருக்கும் அது சொந்த வார்த்தை மாதிரி. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பாதிதான் புரியும், எதற்கெடுத்தாலும் சண்டை வரும். கிலிர் விஷயத்தில் மட்டும் நான் ஒருநாளும் சண்டை பார்த்ததில்லை. மேசையும் அடுப்பும் தூக்கி மாற்றுகிறவன் நான் என்பதால் அன்றைக்கு மூன்று கடையிலும் எனக்குப் பசியாறல் இலவசம்.

வகுப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வடை வந்தால் எனக்கு எல்லாமே மறந்துவிடும்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை பெயர் லோகநாயகி. பிள்ளைகளுக்கு லோகா டீச்சர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். காலையில் இங்கே பாடம் நடத்துவார். மத்தியானம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் போய்ப் பாடம் கேட்பார். அந்த நாளில் ஆசிரியர் போதாது என்று பயிற்சி முடியும் முன்பே வகுப்பைக் கொடுத்துவிடுவார்கள். பாதி நாள் டீச்சர், பாதி நாள் மாணவி. வகுப்பு முடிந்ததும் பாக்கியக்கா கடையில் நின்றபடியே இரண்டு இட்லியை விழுங்கிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவார். எப்படிப் பாடம் நடத்துவது என்று மத்தியானம் சொல்லிக்கொடுப்பார்கள். அதைக் காலையில் செய்து பார்க்க ஏற்ற அறை அவருக்கு இல்லை.

இடையிடையே கல்லூரியிலிருந்து ஒரு லெக்சரர் வந்து பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். முதல் தடவை அவர் வந்தபோது முதல் இடைவேளை நேரமாகிவிட்டது. டீச்சர் சத்தத்துக்கு மேலே கத்திப் பாடம் நடத்தினார். பாதியில் தொண்டை கட்டிவிட்டது. பிள்ளைகள் பலகை இடுக்கில் கண்ணை வைத்து யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார் லெக்சரர். அடுத்த தவணை மறுபடி வருவார், அப்போதும் இப்படியே இருந்தால் டீச்சருக்கு வேலை இல்லை. அவர் போனால் அந்த வகுப்பை எடுக்க வேறு ஆள் கிடையாது. பிள்ளைகளைத் தூரத்துப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பிவிடுவார்கள் என்று ஆபிஸில் பேச்சு. பஸ் ஏறிப் போய்ப் படிக்கிற வசதி அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இல்லை. நான் ஆறாம் வகுப்போடு நிறுத்தியதும் அடுத்த பள்ளி பஸ் ஏறும் தூரத்தில் இருந்ததால்தான். அதனால் அந்தப் பேச்சு எனக்குத் தெரிந்த பேச்சு.

டீச்சர் கொஞ்ச நாள் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டு திரிந்தார். அதன்பின் ஒருநாள் நான் மணி அடித்துக்கொண்டு போகும்போது அந்த அறையில் ஒரு வினோதம். கேண்டீனில் வழக்கமான கூச்சல். இந்தப் பக்கம் பிள்ளைகள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சரும் பேசவில்லை. கணக்கைப் பலகையில் எழுதுவார், பிள்ளைகள் சிலேட்டில் விடை எழுதித் தூக்கிக் காட்டுவார்கள். மூடிய கையை விரித்தால் புரிந்தது. இரண்டு கையையும் கோத்துக் காட்டினால் இன்னொரு தரம் சொல்லுங்கள். மோவாயில் கட்டைவிரலை வைத்தால் பொறு. சத்தத்தோடு போட்டி போட முடியாது என்று தெரிந்ததும் டீச்சர் சத்தத்தையே விட்டுவிட்டார்.

பிள்ளைகளுக்கு அதைப்போல ஒரு கொண்டாட்டம் இல்லை. ஊமைப் பாடம் என்று பேர் வைத்துவிட்டார்கள். வாயைத் திறந்துவிட்டவன் பலகையை அழிக்க வேண்டும் என்று டீச்சர் ஒரு தண்டனை வைத்தார். பலகை அழிக்க எல்லாருக்கும் ஆசை என்பதால் முதல் நாளே நாலைந்து பேர் வேண்டுமென்றே இருமினார்கள். தண்டனையை எடுத்துவிட்ட பிறகுதான் வகுப்பு அடங்கியது. எனக்கும் ஊமைப் பாடம் ரொம்பப் பிடித்துப்போனது. பேசாமலே நடக்கிற பள்ளிக்கூடம் என் காலத்தில் இருந்திருந்தால் நான் இன்னும் நாலு வகுப்பு படித்திருப்பேன்.

அடுத்த தவணை வந்தது. கடைகளின் கிலிர் முடிந்து பாக்கியக்கா வாசல் பக்கத்து இடத்துக்கு வந்திருந்தார். அந்த வாரமே லெக்சரர் வருகிறார் என்று செய்தி. காலை நேரம்தான், அதுவும் சரியாக முதல் இடைவேளையை ஒட்டி. பாக்கியக்கா என்னைக் கூப்பிட்டு ஒரு வடையைக் கையில் வைத்தார். அவர் காரணமில்லாமல் வடை வைக்கமாட்டார்.

"மணி ஓங் கையிலதானடா இருக்கு. அவரு பாத்துட்டுப் போற வரைக்கும் அடிக்காத லா. பத்து நிமிஷம் பிந்திச்சுன்னா எந்தப் புள்ளையும் பட்டினியா செத்துறாது."

தலைமையாசிரியர் மிஸ்டர் பொன்னையா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் பள்ளிக் கடிகாரத்தையே திருத்துவார். மணி அரை நிமிஷம் பிந்தினால் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்ப்பார். அதெல்லாம் என் மனதில் ஓடியது. ஆனால் முடியாது என்று ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு எப்போதுமே வந்ததில்லை. தலையை ஆட்டிவிட்டேன். வடையையும் தின்றுவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் இல்லை.

லெக்சரர் வருகிற அன்று காலையில் டீச்சர் என்னைத் தேடி வந்தார். பாக்கியக்காவால் எந்த ரகசியத்தையும் ஒரு ராத்திரிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது.

"தம்பி, மணிய நேரத்துக்கு அடிங்க."

நான் பாக்கியக்கா கடைப் பக்கம் பார்த்தேன்.

"பிந்தி அடிச்சா இன்னிக்கு ஒரு நாள் அமைதியா இருக்கும். நாளைக்கு? அவரு கேக்கணும் தம்பி. எங்க பிள்ளைங்க தினமும் கேக்கறத அவரும் ஒக்காந்து கேக்கட்டும்."

கையை மூடி விரித்துக் காட்டினேன். டீச்சர் சிரித்துவிட்டார்.

லெக்சரர் வந்து பின்வரிசையில் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் டைக்கு நேராக வந்துவிட்டன. நேரத்துக்கு மணி அடித்தேன். அன்றைக்குப் பார்த்து மணி வழக்கத்தைவிடச் சத்தமாக இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. அடித்து முடித்துவிட்டு, கூட்டித் தள்ளிய இடத்தையே மறுபடி கூட்டிக்கொண்டு அந்த அறை ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

தடுப்புக்கு அப்பால் கூச்சல் கிளம்பியது. டீச்சர் இரண்டு உள்ளங்கையையும் காட்டினார். அவ்வளவுதான், வகுப்பு வாயை மூடிக்கொண்டது. கணக்கு பலகையில் ஏறியது, சிலேட்டுகள் எழுந்தன. லெக்சரருக்கு ஒன்றும் புரியவில்லை. முன்னால் குனிந்து, அமுதா என்ற சின்னப் பெண்ணிடம் ஏதோ கேட்கப் போனார். அவள் திரும்பி அவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். அவர் மறுபடி வாயைத் திறந்தார். அவள் மோவாயில் கட்டைவிரலை வைத்தாள். அதற்கும் அவருக்கு அர்த்தம் தெரியவில்லை. பாவம், பெரியவர், ஒன்றும் தெரியாமல் இருக்கிறாரே என்று நினைத்தாளோ என்னவோ, தன் சிலேட்டை எச்சில் தொட்டு அழித்து அவர் மடியில் வைத்தாள். அவர் யோசித்துவிட்டு, என்ன செய்கிறீர்கள் என்று எழுதினார். அவள் வாங்கிப் படித்து, கீழே, படிக்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தன் கணக்கைப் பார்க்க அவசரமாகச் சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டாள். நான் துடைப்பத்தை வாயில் கடிக்காத குறையாகச் சிரிப்பை அடக்கினேன்.

இடைவேளை முடிந்து அடுத்த மணியையும் அடித்துவிட்டு ஓடிவந்தேன். தமிழ் வகுப்புகளின் முறை. பிள்ளைகள் தூள் வடைக்கு ஓடிப்போயிருந்தார்கள். லெக்சரர் எழுந்து நின்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டே பாராட்டிக்கொண்டிருந்தார். இப்படி ஒரு கட்டுப்பாட்டை எங்கும் பார்த்ததில்லை, புது முறை, கல்லூரியில் எல்லாருக்கும் சொல்லப்போகிறேன் என்றெல்லாம் சொன்னார்.  டீச்சர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"நல்லா இருக்குன்னு எழுதாதீங்க சார்."

லெக்சரர் பேனாவை எடுத்த கையோடு நின்றார்.

"இது நல்ல பாடம் இல்ல. வேற வழியில்லாம நடத்தற பாடம். இந்தப் பிள்ளைங்க வாயத் தொறந்து படிக்க வேண்டிய வயசு. நீங்க நல்லா இருக்குன்னு எழுதிட்டீங்கன்னா, சமாளிச்சுக்கறாங்க, இங்கேயே இருக்கட்டும்னு விட்டுருவாங்க."

வேலை போகுமோ நிற்குமோ என்று இருக்கிற பெண், தன்னைப் பாராட்டுகிறவரைப் பார்த்து இப்படிச் சொல்கிறாரே என்று நான் ஜன்னலை விட்டு வாசலுக்கே வந்துவிட்டேன். லெக்சரர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். பிறகு, தலைமையாசிரியர் அறை எங்கே என்று என்னிடம் கேட்டார். நான் கையை நீட்டிக் காட்டினேன்.

நான் தேநீர் கொண்டுபோகும்போது டீச்சரும் சேர்த்து மூன்று பேரும் அங்கே இருந்தார்கள். மிஸ்டர் பொன்னையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தோட்டத்துச் செடியிடம்கூட ஆங்கிலத்தில்தான் பேசுவார் என்று பாக்கியக்கா சொல்வார். கெட்ட மனிதர் இல்லை. இன்னும் அறைகள் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதி எழுதி அலுத்துப்போயிருந்தார். அன்றைக்கும் அதைத்தான் ஆங்கிலத்தில் சொன்னார். ஓர் அறைகூடக் காலி இல்லை, இந்த வகுப்பை அங்கிருந்து எடுத்தால் வேறு எந்த வகுப்பை அங்கே வைப்பது?  நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

டீச்சர் ஜன்னல் வழியாகக் கேண்டீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் பக்கத்தில் பாக்கியக்கா சட்டி கழுவிக்கொண்டிருந்தார். போன தவணை அந்த இடத்தில் இருந்த மக்சிக், சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"கிலிர் வச்சுக்கலாம் சார்," என்றார் டீச்சர். "கேண்டீன்ல மாத்திக்கற மாதிரி. அந்த ரூம்ல தவணைக்கு ஒரு வகுப்பு. இடைவேளையையும் மாத்தி விடலாம். ஒரு தவணை அவங்க முதல்ல சாப்பிடட்டும், ஒரு தவணை நாங்க."

மிஸ்டர் பொன்னையா கண்ணாடியைக் கழற்றினார். அவர் வாயிலிருந்து தமிழ் வந்ததை அன்றுதான் நான் முதல் தடவை கேட்டேன்.

"பிள்ளை, அப்ப இங்கிலீஷ் வகுப்பையும் அங்க கொண்டுபோய் இருத்தச் சொல்லுறீரோ?"

"எங்க பிள்ளைங்க ஒக்காரத் தகுந்த இடம்னா அவங்களுக்கும் தகும் சார்."

 மிஸ்டர் பொன்னையா என் பக்கம் திரும்பினார். தப்பிக்க வழியில்லை, வாசலை அடைத்துக்கொண்டு நின்றதே நான்தான்.

"நீர் சொல்லும். சத்தம் அவ்வளவோ?"

 "நான் அடிக்கிற மணியே அங்க எனக்குக் கேக்காது சார்" என்றேன். அந்தப் பள்ளியில் அதுவரை நான் பேசியதிலேயே அதுதான் நீளமான வாக்கியம்.

அவர் என் தட்டிலிருந்து தேநீர்க் கோப்பையை எடுத்தார். குடித்துவிட்டு, அடுத்த தவணையிலிருந்து, என்று ஆங்கிலத்தில் சொன்னார். லெக்சரர் டீச்சரைத் தேர்ச்சி என்று அறிவித்துவிட்டுப் போனார். போகிற வழியில் பாக்கியக்கா அவர் கையில் ஒரு வடையைத் திணித்தார்.

அடுத்த தவணை தமிழ் மூன்றாம் வகுப்பு மாடிக்குப் போனது. ஆங்கில ஐந்தாம் வகுப்பு பலகை அறைக்கு வந்தது. மேசைகளை நான்தான் ஏற்றி இறக்கினேன், தோள் ஒரு வாரம் வலித்தது. இடைவேளை அந்தத் தவணை தமிழ் வகுப்புகளுக்கு முதலில். எங்கள் பிள்ளைகள் முழு வடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடிக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் சில நாள் புது இடம் வேடிக்கையாக இருந்தது. அப்புறம் அவர்களுடைய ஆசிரியருக்குத் தொண்டை கட்டியது. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். வாசலில் ஒரு கார் வந்து நின்றது, மறுநாள் இரண்டு. டை கட்டிய அப்பாக்கள் பலகைத் தடுப்பைத் தட்டிப் பார்த்து முகம் சுளித்தார்கள். இப்படி ஓர் அறையில் எப்படிப் பிள்ளைகள் படிக்க முடியும் என்று தலைமையாசிரியரைக் கேட்டார்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று தெரியாது. ஆனால் அவர்களை வழியனுப்பிவிட்டுத் திரும்பியபோது மிஸ்டர் பொன்னையா சீட்டி அடித்துக்கொண்டே வந்தார். அவருக்குச் சீட்டி அடிக்கத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

அந்தத் தவணை முடிவதற்குள் செங்கல் வந்து இறங்கியது. பலகையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கூரை வரைக்கும் சுவர் எழுப்பினார்கள்.

"ரெண்டு வருஷமா கேக்காத காது, ரெண்டே வாரத்துல கேட்டுருச்சு பாத்தியா லா," என்றார் பாக்கியக்கா. சொல்லிவிட்டுக் கொத்தனார்களுக்கும் வடை கொடுத்தார்.

டீச்சர் ஒருநாள் வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்திலும் அங்கே வந்தார். சுவரில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அந்தப் பக்கம் சீன அங்கிள் வாணலியைத் தட்டிக்கொண்டிருந்தார். "கேக்கல," என்றார் என்னைப் பார்த்து. காதில் ஒட்டிய சிமெண்டுத் தூளோடு பஸ் ஏறினார்.

மாடிக்குப் போன வகுப்பில் ஒரு சின்னச் சிக்கல். ஆங்கில வகுப்புகளின் இடைவேளை மணி கேட்டதும் பிள்ளைகள் தாங்களாகவே வாயை மூடிக்கொள்வார்கள். பழக்கம். ஊமைப் பாடம் வேண்டும் டீச்சர் என்று அமுதா தலைமையில் கெஞ்சல் வேறு. அந்த நேரத்தில் ஒருநாள் நான் அறிவிப்புப் பலகையைத் துடைத்துக்கொண்டு வெளியே நின்றேன்.

"அதெல்லாம் முடிஞ்சு போச்சு," என்றார் டீச்சர். "வாயத் தொறந்து சொல்லுங்க. ஏழேழு?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அத்தனை பேரும் சேர்ந்து நாற்பத்தொன்பது என்று போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. பக்கத்து வகுப்பு ஆசிரியர் கீழே போய்ப் புகார் சொன்னார். தமிழ் வகுப்பில் சத்தம் என்று அந்தப் பள்ளியில் வந்த முதல் புகார் அது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு வா என்று மிஸ்டர் பொன்னையா என்னை அனுப்பினார். நானும் போனேன். வாசலில் நின்றேன். எட்டாம் வாய்ப்பாடு தொடங்கியிருந்தார்கள். சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன். அவரும் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

இப்போது அந்தப் பள்ளி இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. கீழே ஒரு காப்பிக்கடை இருக்கிறது, அங்கே கடைகள் இடம் மாற்றிக்கொள்வதில்லை, எல்லாவற்றுக்கும் எண் போட்ட நிரந்தர இடம். எல்லாப் பாடத்தையும் தமிழில் சொல்லிக்கொடுத்த வகுப்புகள் பிள்ளைகள் குறைந்து குறைந்து ஒன்றன்பின் ஒன்றாய் நின்றுபோயின. கார் வைத்திராத அப்பாக்களும் கடைசியில் ஆங்கில வகுப்பைத்தான் தேடினார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நானும் என் பிள்ளைகளை அங்கேதான் சேர்த்தேன். பித்தளை மணி எங்கே போனதோ. பாக்கியக்கா போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. அவர் வடைக்கு நடுவில் ஓட்டை போடமாட்டார், பிள்ளைகளுக்கு அந்த ஓட்டை அளவு ஏன் குறைய வேண்டும் என்பார். அப்படி ஒரு வடையை நான் பிறகு பார்க்கவில்லை.

லோகா டீச்சரை மட்டும் இரண்டு வருஷத்துக்கு முன் தேக்கா சந்தையில் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. கடைசிவரை ஆசிரியையாகவே இருந்து ஓய்வு பெற்றார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் மீன் கடைக்கு இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். நடுவில் மீன் வெட்டுகிற சத்தமும் விலை கூவுகிற சத்தமும். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று கண்ணாலேயே கேட்ட மாதிரி இருந்தது. நான் பழைய ஞாபகத்தில் கையை மூடி, மெதுவாக விரித்துக் காட்டினேன். பதிலுக்கு அவரும் காட்டுவார் என்று காத்திருந்தேன்.

அவர் காட்டவில்லை. காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார்.

"கேக்கல தம்பி. வாயத் தொறந்து சொல்லுங்க."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். வேறு வழியில்லை. "நல்லா இருக்கேன் டீச்சர்" என்று கத்தினேன். மீன்காரர் வெட்டுக்கத்தியைத் தூக்கியபடி அப்படியே நின்று என்னைப் பார்த்தார்.